பெயர் பெற்றோரும் பெயர் அற்றோரும்

தொல்காப்பியத்து அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. ஐந்திணைக் காதல் ஒழுக்கத்தைப் பாடும்பொழுது எவரையும் இன்னார் எனச் சுட்டிப் பெயர் கூறுதல் ஆகாது என்பது அவ்விதி. உயர்தர வகுப்பு மாணவருக்கு இதனைக் கற்பிக்கும் நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்றே: காதல் மக்கள் அனைவருக்கும் பொது; ஆதலின் அதனை ஒருவர் பெயருக்கு உரியதாக்கிக் குறுக்கலாகாது எனப் பழந்தமிழர் கருதினர் என்பது. விளக்கம் இனியதுதான். மாணவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். ஆயினும், அந்த ‘அனைவருள்’ யார் யார் அடங்குவர் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், அதே இயலின் வேறு சில சூத்திரங்களையும் நாம் புரட்டிக் காட்டியே ஆகவேண்டும்.

முதலில் விதியின் வலிமையைக் காண்போம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கணவனைப் பிரிந்து வாடைக் காலத்தில் வருந்தும் ஓர் அரசியைப் பற்றியது. பாடல் முழுவதும் அவள் பெயரும் இல்லை; அவன் பெயரும் இல்லை. எனினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகப்பாட்டு என ஒப்பவில்லை. பாசறையில் உள்ள வேலொன்றின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருப்பதாக ஓரிடத்தில் வருகின்றது. வேம்பு பாண்டியர்க்கு உரிய மாலை. எனவே இன்ன குடியினன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டமையால் பாட்டு புறமாயிற்று! ஒரு தழையே பெயருக்கு ஈடாகிப் பாட்டின் குலத்தை மாற்றிவிட்டது.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பான் மீது நக்கண்ணையார் கொண்ட காதலைக் கூறும் மூன்று பாடல்கள் புறநானூற்றில் உள. அவற்றுள்ளும் பெயர் இல்லை. அவனைப் பற்றியன என்பதைப் பாட்டின் கீழ் உள்ள பழங்குறிப்பே நமக்குச் சொல்கின்றது. அறியப்பட்ட ஒருவன்மீது வைத்த காதல் என்பதால் அவை அகத்துள் இடம்பெறாது புறத்துள் வைக்கப்பட்டன. இதற்கு எதிராக, ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவளாகச் சொல்லப்படும் ஆதிமந்தியின் பாட்டு, தான் தேடியவன் பெயரைக் கூறாமையால் குறுந்தொகையில் அமைதியாக அமர்ந்திருக்கின்றது. ஆனால் அவளது துயரை வெள்ளிவீதியார் தம் அகப்பாட்டிலே பெயர் சொல்லியே உவமையாக்கினார். வெள்ளிவீதியாரின் துயரை ஔவையார் அவ்வாறே பெயர் சொல்லி உவமையாக்கினார். தலைவியின் பெயரைச் சொல்வதற்கே தடை. உவமையாக வருபவள் பெயரைச் சொல்லத் தடையில்லை. பரணரும் மாமூலனாரும் இவ்வழியாகவே அகப்பாட்டுக்குள் அரசர்களையும் போர்களையும் கொண்டுவந்து சேர்த்தனர். இன்று நம் வரலாற்றாசிரியர் எடுத்தாளும் செய்திகளிற் பல இந்த உவமைகளிலிருந்து பெறப்பட்டவை.

பிற்காலத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கோவைப் பிரபந்தங்களிலே காதலன் பெயரற்ற கிளவித்தலைவனாகவே இருப்பான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் பொருளுதவி செய்த பாட்டுடைத் தலைவனின் பெயரும் ஊரும் விடாது வரும். தஞ்சைவாணன் கோவை அதற்கு நல்ல சான்று. காதலிப்பவனுக்குப் பெயர் இல்லை. பரிசில் கொடுப்பவனுக்குப் பாட்டுக்குப் பாட்டுப் பெயர் உண்டு. விதியும் காப்பாற்றப்பட்டது, வயிறும் காப்பாற்றப்பட்டது.

சரி, பெயரற்ற அந்தத் தலைவன் யார்? அவன் நாடன், வெற்பன், ஊரன், சேர்ப்பன், துறைவன் எனப் பலபட அழைக்கப்படுகின்றான். இவை வெறும் அழகுச் சொற்கள் அல்ல. மலைநாட்டை உடையவன், ஊரை உடையவன், துறையை உடையவன் என நிலத்தோடு கொண்ட உரிமையால் அவனைக் குறிக்கும் சொற்கள் இவை. பெயரை நீக்கிய புலவர், உடைமையை நீக்கவில்லை. அதே அகத்திணையியல், பிறர்க்கு அடிமைப்பட்டவரையும் ஏவிய தொழில் செய்வோரையும் தலைமக்களாக வைத்துப் பாடுதல் ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை பெருந்திணைகளில் ஆகும் என்கிறது. அதாவது, அவர்தம் காதலும் காதல்தான், ஆனால் நடுவிடத்துக்கு வராது, ஓரத்திலே நிற்கலாம். அவர்கள் பிறர் ஏவலுக்கு உட்பட்டவராதலின் காதலுக்கு வேண்டிய ஓய்வும் உரிமையும் அவர்க்கு இல்லை என்ற வகையில் உரைகாரர் காரணம் காட்டுவர். காரணம் பொய்யன்று என்பதுதான் வேதனை. ஆகவே ‘எல்லார்க்கும் பொது’ என நாம் சொல்லிக்கொடுக்கும் பெயரின்மை, ஓர் எல்லைக்குள் நின்ற பொதுமையே.

புறப்பாட்டுகளின் நிலை வேறு. அங்கே பெயரே பொருள். பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் இப்பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்து, பாணர் மரபையும் புரவலர் உறவையும் விளக்கினார். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அவ்வுறவின் கொடுக்கல் வாங்கலை. புரவலன் சோறும் கள்ளும் பொன்னும் தருகின்றான்; புலவன் அவன் பெயரை நிலைநிறுத்துகின்றான். பாரியின் பெயர் இன்றளவும் நம் நாவில் இருப்பதற்குக் கபிலர் இருந்தமையே காரணம். ஆனால் இக்கொடுக்கல் வாங்கலில் பங்கில்லாதோர் அப்பாட்டுகளிலே தொழிலாற் குறிக்கப்படுகின்றனர்: பாணன், விறலி, துடியன், கொல்லன், ஆடை வெளுக்கும் புலைத்தி. தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள. இறந்துபட்ட அரசனின் பெருமைக்குத் தக்க பெருந்தாழியை நீ எவ்வாறு வனைவாய் என்று ஒரு புலவர் அக்குயவனிடம் இரக்கத்தோடு கேட்கின்றார். அரசன் பெயர் நமக்குத் தெரியும். கேட்டவர் பெயரும் தெரியும். குயவன் குயவனாகவே நிற்கின்றான்.

புலவர்கள் எல்லாரும் பெயரோடு நிலைத்தனர் என்றும் எண்ணற்க. சங்கப் புலவர் 473 பேர் என்றும், 102 பாடல்களுக்குப் பாடினோர் பெயர் தெரியவில்லை என்றும் கணக்கிட்டுச் சொல்வர். அந்த 473 பேரிலும் சிலருடைய பெயர், பெயரே அன்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், விட்டகுதிரையார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார், தொடித்தலை விழுத்தண்டினார் - இவையெல்லாம் பாட்டிலுள்ள ஓர் உவமையையோ தொடரையோ பிடித்துத் தொகுத்தோர் இட்ட அடையாளங்கள். தாய் தந்தையர் இட்ட பெயர் மறைந்தது; தாம் படைத்த உவமையே பெயராயிற்று. இதைவிடச் சிறந்த பேறு ஒரு புலவனுக்கு உண்டோ என்று சிலர் வியப்பர். நமக்கும் அவ்வியப்பு உண்டு. ஆனால் அரசருள் எவரும் இவ்வாறு பெயரிழந்ததில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

பாட்டைவிட்டுக் கல்லுக்கும் ஓட்டுக்கும் வருவோம். இங்கேதான் நம் வரலாற்றின் சுவையான பகுதி உள்ளது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டில் நெடுஞ்செழியனின் பெயரும் அவன் பணியாளனாகிய கடலன் வழுதியின் பெயரும் உள்ளன. அண்மையிலுள்ள அழகர்மலையில் உப்பு வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், அறுவை வணிகன் ஒருவன் எனப் பலர் துறவியர்க்குச் செய்த கொடையைத் தம் பெயரோடு பொறித்துள்ளனர். உப்பு விற்றவன் பெயர் வியகன். உழுபடைக்கு வேண்டிய கொழு விற்றவனும், துணி விற்றவனும், பாண்டிய மன்னனும் ஒரே வகையான ‘அன்’ ஈற்றோடு கல்லிலே நிற்கின்றனர். பிற்காலத்தில் மதிப்பின் அடையாளமாகப் பெயர்தோறும் வந்து ஒட்டிக்கொண்ட ‘ஆர்’ அங்கே மன்னனுக்கும் இல்லை, வணிகனுக்கும் இல்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனத் தொழிலையும் பெயரையும் ஒருசேரக் கூறும் புலவர் பெயர்களை இக்கல்வெட்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொழில் இழிவின் முத்திரையாகாத ஒரு நகரச் சூழல் தெரிகின்றது. மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் போன்ற ஒருவர் அச்சூழலுக்கு நம் தீவிலிருந்து சென்றிருக்கலாம் எனக் கருதுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

நம் தீவிலும் இத்தகைய ஒரு கல் உண்டு. அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் சிலர் தமக்கெனச் சமைத்துக்கொண்ட மேடையொன்றைக் குறிக்கும் பழைய பிராமிக் கல்வெட்டு அது, மொழி பிராகிருதம். மேடையைச் செய்வித்தவன் சமணன் என்னும் பெயரினன். யார் எவ்விடத்தில் அமர்வது என ஒவ்வோர் இருக்கைக்கும் உரியவர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவன் மரக்கலம் செலுத்திய நாவிகன். அரசனுக்குப் புகழ்மாலை சூட்டாமல், கூடியிருக்க ஓர் இடம் தேடியவர்கள் தம் பெயரைத் தாமே பொறித்த கல் என்பதே அதன் சிறப்பு.

ஓடுகளிலோ இன்னும் எளிய பெயர்கள் கிடைக்கின்றன. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எழுத்து அரண்மனைக்குள் அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு இவை நேர்ச்சான்று. ஆயினும் ஓட்டில் உள்ள பெயர் பெரும்பாலும் பானையை உடைமையாகக் கொண்டவரது பெயர் என்பர். வனைந்தவன் பெயர் அன்று. புறநானூற்றுக் குயவன் இங்கும் நமக்கு அகப்படவில்லை.

2006 இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பானைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. வீழ்ந்த வீரரின் பெயரையும் பெருமையையும் எழுதிய கற்கள் வழிநெடுக நின்றதாகச் சங்கப் பாடல்கள் கூறுவது கற்பனை அன்று என்பதை அக்கல் மெய்ப்பித்தது. மாடு கவர்ந்த பூசலில் மாண்டவன் ஒருவனுக்கு, புலவன் பாடாமலேயே, ஊரார் ஒரு கல்லும் ஒரு பெயரும் கொடுத்திருக்கின்றனர்.

சோழப் பேரரசின் காலத்துக்கு வரும்போது பெயர்கள் எண்ணிக்கையிற் பெருகுகின்றன. ஆனால் பெயரின் பயன் மாறுகின்றது. 1010 இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் உள்ளது. ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டாள் என்பதும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் வெட்டப்பட்டுள்ளன. பெயர்கள் ‘நக்கன்’ என்னும் அடையோடு தொடங்குகின்றன. ஆளொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. உலகில் வேறெங்கும் அக்காலத்து நானூறு பெண்களின் பெயர் இவ்வாறு கிடைக்குமா என நம் கலை ஆய்வாளர் பெருமிதம் கொள்வர். கிடைத்தது நன்றே. ஆனால் இது புகழ்ப் பட்டியல் அன்று, பங்கீட்டுப் பட்டியல். பங்கு யாருக்கு, எந்த வீட்டுக்கு என்று கோயிற் பண்டாரம் அறியவேண்டியிருந்தது. அதனாலே பெயர் வேண்டியிருந்தது. அதே கல்வெட்டுகளில் ஊர்தோறும் இறையிலியாக நீக்கப்பட்ட நிலங்களுள் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்படுகின்றன. அச்சேரிகளில் வாழ்ந்தவர் பெயருக்கு அங்கே வேலையில்லை. சேரி நின்ற மண்ணின் அளவு மட்டும் போதுமாயிருந்தது. கோயிலை எழுப்பிய பெருந்தச்சனின் பெயர் கிடைத்துள்ளது. குஞ்சரமல்லன் என்னும் அவனுக்கும் ‘இராசராசப் பெருந்தச்சன்’ என அரசன் பெயரே பட்டமாயிற்று. கல் சுமந்தவர் எண்ணிக்கைகூட நமக்கு இல்லை.

பெயர் பொறிக்கப்படுவது எப்போதும் பெருமை அன்று என்பதற்கு ஆளோலைகளே சான்று. பெரியபுராணத்தில் இறைவன் கிழ வேதியனாக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளக் காட்டுவது ஓர் ஆளோலை. பக்திக் கதையாகவே நாம் அதனைப் படிக்கின்றோம். ஆனால் கதை கேட்டோருக்கு ஆளோலை என்பது நன்கு தெரிந்த பத்திரமாக இருந்ததாலன்றோ அக்கதை சுவைத்தது? பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில், பஞ்சத்தால் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் உள. அம்மக்களின் பெயரை வரலாறு பதிந்த ஒரே தருணம் அவர்கள் தம்மை இழந்த தருணமே.

இவ்வழியிலேதான் யாழ்ப்பாணத்துக்கும் வரவேண்டியிருக்கின்றது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் நிலத்துக்கும் சீதனத்துக்கும் உள்ள விதிகளோடு அடிமைகளுக்கான விதிகளும் அருகருகே உள்ளன. இலங்கையில் அடிமை முறை 1844 இல் சட்டத்தால் ஒழிந்தது. சட்டம் ஒழித்ததை நாக்கு ஒழிக்கவில்லை. ஒரே முருகக் கடவுளின் பெயரே ஒரு வீட்டில் கந்தசாமி, கந்தையா என நீண்டது. வேலிக்கு அப்பால் கந்தன் எனக் குறுகியது. வேலுப்பிள்ளைக்கு எதிரே வேலன். சின்னத்தம்பிக்கு எதிரே சின்னான். நரைத்த தலையோடு நின்ற உழைப்பாளியை நிலமுடையார் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ‘நீ’ என்றழைத்தான். அவரோ அச்சிறுவனின் பெயரைச் சொல்லத் துணியாது ‘நயினார்’ என்றார். பெயர் சொல்லுதல் இங்கே ஓர் அதிகாரம். சொல்லாதிருத்தல் ஓர் அடங்கல். (மனைவி கணவன் பெயரைச் சொல்லாத நம் வீட்டு வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது ஆசிரியர் பெருமக்களுக்கு நல்லது.)

ஆகவே ஒடுக்கப்பட்டோர் கோயில் வாசலுக்கும் தேநீர்க் கடைக் குவளைக்கும் போராடியபோது பெயரும் அப்போராட்டத்துள் அடங்கியே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலம் நம் வாசகர் அறிந்ததே. தமிழகத்தில் 1929 ஆம் ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தனர். சொரிமுத்து எனப் பெற்றோர் பெயரிட்ட சிறுவன் பின்னர் ப. ஜீவானந்தமானான், அவர்மீது கொண்ட பற்றினால் நம் டொமினிக் தம் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த அவர் 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’, ஈழத்து எழுத்தாளரின் முகங்களை அட்டையில் தாங்கி வந்தது. தாமே தேர்ந்த பெயரோடு எழுத வந்தவர்களைக் கண்டு பண்டிதர் சிலர் முகஞ்சுளித்த காரணம் இலக்கணப் பிழை மட்டும் அன்று.

மலையகத்தின் கதை இதனினும் கசப்பானது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் கொண்டுவந்த தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்கு மாற ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். அந்த ஆட்கூட்டம் பட்ட கடன் எவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்பதே அச்சீட்டின் பொருள். 1921 இல் அம்முறை நீக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கோ எண் பொறித்த தகரச் சீட்டு. பயணத்தில் அவர்களை இனங்காட்டியது அத்தகரமே.

தோட்டத்துக்குள் வந்தபின் பெயர் ஒரு விந்தையான பொருளைப் பெற்றது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்க, கணக்கப்பிள்ளை செக்றோலில் பெயர் பதிவார். நாள் முழுதும் உழைத்துக் குறித்த அளவு கொழுந்து கொடுத்தால் அது ஒரு ‘பேர்’. குறைந்தால் ‘அரைப்பேர்’. இது தோட்டத்து மக்களின் அன்றாடப் பேச்சு. இன்று எத்தனை பேர் என்றால் எத்தனை நாட்கூலி என்றே பொருள். பெயர் கூலியின் அலகாயிற்று. மழையில் நனைந்து மலையேறியும் எடை போதாமல் போன பெண்ணுக்கு அன்று அரைப்பெயர்தான். தொல்காப்பியர் முதல் நன்னூலார் வரை பெயர்ச்சொல்லை எத்தனையோ வகையாகப் பகுத்தனர். அரைப்பெயர் என்ற வகையை அவர்கள் கண்டதில்லை.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அம்மக்களிடம் கேட்கப்பட்டதும் பெயர்தான்: தந்தை பெயர், பாட்டன் பெயர், பிறந்த இடம், அவற்றுக்குப் பத்திரம். தகரத்தில் எண்ணும் செக்றோலில் அரைப்பேருமாக வாழவிடப்பட்டவர்களிடம் மூன்று தலைமுறைப் பெயர்ச் சான்று கேட்டனர். 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையைத் தெரிந்தெடுத்த மக்களின் பெயர்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் எனப் பங்கிடப்பட்டனர். இறுதிவரை நாடற்றவராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சென்று மலையக மக்களின் பாடல்களைத் திரட்டினார். வாய்மொழிப் பாடல்களின் இயல்புக்கேற்பப் பாடியோர் பெயர் அவற்றில் இல்லை. கங்காணியும் துரையும் கண்டாக்கையாவும் வருகின்றனர், ஏசப்படுகின்றனர். ஏசியவள் யார் என்பது துரைக்குத் தெரியாமல் இருந்தமையே அவளுக்குக் காப்பு. பெயரின்மை இங்கே ஒரு கருவி.

ஆனால் ஒரு பெயர் தெரியும். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது பொலிசார் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். செக்றோலில் அவர் எத்தனை பேர் பெற்றிருந்தாரோ நாம் அறியோம். தொழிற்சங்க மேடைகளில் அவர் தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ சொல்லப்படுவதில்லை. தோட்டத்தின் பெயரையே முன்னொட்டாக்கி முல்லோயா கோவிந்தன் என்கின்றனர்.